கோடு நின்ற இடம்

பெர்னதெத்தின் வலது கைப் பட்டை அதிர்ந்தது. கொடி மேலே போனது. இரண்டுக்கும் நடுவில் யோசனை என்று ஒன்று இருக்கவில்லை.

பந்து அதற்குள் வலையில் கிடந்தது. அடித்த பெண், உப்பனாறு அணியின் தில்லைநாயகி, இரண்டு கைகளையும் விரித்தபடி மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். கூட ஆடுகிறவர்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பாதி வழியில் விசில் கேட்டது. தில்லை திரும்பினாள். எல்லைக்கோட்டில் விறைத்து நின்ற கொடியைப் பார்த்ததும் விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டாள்.

நடுவர் விசில் ஊதிய பிறகு, ஆஃப்சைட் எந்தப் பக்கம் நடந்தது என்று கொடியைச் சாய்த்துக் காட்ட வேண்டும். தூரத்துப் பக்கம் என்றால் கொடி மேல்நோக்கி, நடுவில் என்றால் கிடையாக, தன் பக்கம் என்றால் தரையைப் பார்த்து. பெர்னதெத் கிடையாகக் காட்டினாள். அப்புறம் இடது கை விரலால் வலது கைப் பட்டையைத் தட்டினாள். இந்தத் தட்டு எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. கிழக்குக் கரை மகளிர் லீகில் 'நேர்க்கோடு' என்ற மிஷின் வந்த பிறகு, கொடி பிடிப்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்ட சைகை அது. "சொன்னது நானில்லை, இது" என்று அர்த்தம். கேலரியிலிருந்து வரும் வசவுகளில் பாதி இந்தத் தட்டிலேயே அடங்கிவிடும். மிஷினின் அம்மாவைத் திட்டி என்ன சுகம்?

தில்லை நேரே அவளிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க பாத்தீங்களா?"

"பட்டை சொல்லுச்சும்மா."

"பட்டைய கேக்கலக்கா. நீங்க பாத்தீங்களான்னு கேட்டேன்."

"போம்மா, போய் ஆடு."

"வாயத் தொறந்து பாத்தேன்னு சொல்லுங்கக்கா, நான் போயிடுறேன்."

நடுவர் ஓடி வந்து மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். தில்லை போனாள். அரையிறுதியில் உப்பனாறு தோற்றது.

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அட்டை இல்லாமலேயே அந்தப் பெண் போயிருப்பாள். ஆனால் பெர்னதெத் பார்க்கவில்லை. பார்க்கிற இடத்தில் அவள் நிற்கவில்லை. கோடு கிழித்த மாதிரி நிற்க வேண்டிய இடத்துக்குச் சில எட்டு பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, மெல்லோட்டத்தில் வந்துகொண்டிருந்தாள்.

ஆஃப்சைட் என்பதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். உனக்குப் பந்து உதைக்கப்படும் அந்தக் கணத்தில், கோல்கீப்பரை விட்டுவிட்டால் எதிரணியில் கடைசியாக நிற்கிறாளே ஒருத்தி, அவளைத் தாண்டி நீ நிற்கக்கூடாது. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க உலகத்தில் ஒரே ஒரு நல்ல இடம்தான் உண்டு: மைதானத்தின் ஓரத்தில், அந்தக் கடைசித் தடுப்பாட்டக்காரிக்கு நேர் எதிரே. அவள் முன்னால் போனால் நீயும் போக வேண்டும், அவள் பின்வாங்கினால் நீயும். முகம் மைதானத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும் என்பதால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓட வேண்டும். ஓர் எட்டு விலகி நின்றாலும் கண் பொய் சொல்லும்.

பெர்னதெத் இந்த நண்டோட்டத்தில் பெயர் வாங்கியவள். காசிமேட்டுப் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். சனி, ஞாயிறுகளில் கொடி. லீகில் ஆடுகிறவர்களே "பெர்னாக்கா இருந்தா பயமில்ல" என்பார்கள். அதனால்தான் நேர்க்கோட்டைச் செய்த கம்பெனி, மிஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அவள் கொடி பிடித்த ஆட்டங்களை வாங்கிப் போனது. ஒரு பருவம் முழுக்க அவள் ஓடியதை அது பார்த்துப் படித்தது. அடுத்த பருவம் வேலைக்கு வந்துவிட்டது. கூரையில் இரண்டு கேமரா, கொடிக்காரியின் கையில் ஒரு பட்டை. ஆஃப்சைட் என்றால் பட்டை அதிரும், கொடியைத் தூக்கினால் போதும். பெரிய நாடுகளில் இருப்பது போன்ற கோடிக்கணக்கான ரூபாய்ச் சங்கதி இல்லை இது. ஏழை லீகுக்கு ஏற்ற எள்ளுருண்டை.

முதல் மாதம் பெர்னதெத் பழையபடியே ஓடினாள். பட்டையும் அவள் கண்ணும் ஒன்றையே சொல்லின. இரண்டாவது மாதம் இடது முழங்கால் வீங்கியது. சித்திரை வெயில் வேறு. ஒரு நாள் கொஞ்சம் பின்தங்கினாள். பட்டை அதன் பாட்டுக்கு அதிர்ந்தது, கொடி தூக்கினாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கொஞ்சம் வழக்கமாகிப் போயிற்று. அதுதான் சொல்கிறதே, நான் எதற்கு நாய் மாதிரி ஓட வேண்டும்? லீகில் கொடி பிடிக்கும் எல்லோருமே இப்படித்தான் ஓடினார்கள், அதாவது ஓடவில்லை. ஆனால் எல்லோரும் பெர்னதெத் இல்லை. அவளுக்கு அது உள்ளுக்குள் உறுத்தியது. உறுத்தியதோடு சரி.

ஆட்டம் முடிந்ததும் டிவியில் ஒரு எண் போடுவார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரியும் எத்தனை தடவை ஆஃப்சைடில் மாட்டினாள் என்று. அந்தப் பருவம் முழுக்க உச்சியில் தில்லைநாயகியின் பெயர்தான். வர்ணனை செய்கிறவர் "நம்ம ஆஃப்சைட் அழகி" என்று சிரிப்பார். சிரிப்பு தொற்றிக்கொண்டது. அரையிறுதியில் தோற்ற மறுவாரம் உப்பனாறு அணி, அடுத்த பருவத்துக்கு அவள் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது. அவளுக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த தேர்வு ஆட்டம் மட்டும்தான். அதிலிருந்துதான் இந்திய முகாமுக்கு ஆள் எடுப்பார்கள். எடுத்தால் ஆட்டக்காரி. எடுக்காவிட்டால் பரங்கிப்பேட்டைக்கு பஸ் ஏறி, அக்காவின் தையல் கடையில் உட்கார வேண்டியதுதான். இதை அவளே ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

தேர்வு ஆட்டத்துக்கும் பெர்னதெத்துக்குத்தான் கொடி. அவளுக்கும் அது சின்ன ஆட்டமில்லை. தேசிய நடுவர் பட்டியலுக்கு அவள் பெயர் போயிருந்தது. பருவம் முழுக்க மிஷினோடு ஒரு தடவைகூட முரண்படாத ஒரே கொடி என்று கம்பெனியே சிபாரிசு செய்திருந்தது.

புதன்கிழமை காலை கம்பெனி ஒரு விளம்பரப் படம் எடுத்தது. ராயபுரத்து மைதானத்தில் கல்லூரிப் பெண்கள் இரண்டு அணியாக நின்றார்கள். 'மனிதரும் மிஷினும் கைகோத்து' என்று ஏதோ தலைப்பு. பெர்னதெத் மஞ்சள் சட்டை, கைப்பட்டை சகிதம் வந்தாயிற்று. கேமராக்காரர் லென்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் நடுக்கோட்டுக்கு அருகே சிமெண்டுப் படியில் உட்கார்ந்து காலை நீட்டி டீ குடித்தாள். பெண்கள் சும்மா இருக்க முடியாமல் பந்தை உதைத்து ஆட ஆரம்பித்தார்கள்.

பட்டை அதிர்ந்தது. டீ சிந்தியது. ஒரு மடக்குக் குடிப்பதற்குள் மறுபடியும். யார் யாருக்குப் பந்து தட்டினாலும் அதிர்ந்தது.

"முபீன் தம்பி! இன்னா இது, பைத்தியம் புடிச்சாப்ல துடிக்குது. வந்து பாரு."

முபீன் நேர்க்கோட்டைச் செய்தவர்களில் ஒருவன். ஒல்லியான, மரியாதையான பையன். கையில் டேப்லெட்டோடு வந்தான்.

"சும்மா விளையாடறாங்கல்ல அக்கா, யாரும் பொசிஷன்ல இல்ல. அதான் குழம்புது. நீங்க உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. டேப்லெட்டில் மைதானம் தெரிந்தது. குறுக்கே ஒரு நீலக்கோடு. கோலுக்கு அருகில் கடைசித் தடுப்பாட்டக்காரி நின்றுகொண்டிருக்க, கோடு மட்டும் நடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. தான் உட்கார்ந்திருந்த படிக்கு நேராக அது கிடப்பதைப் பெர்னதெத் பார்த்தாள். டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஓர் எட்டு வலது பக்கம் வைத்தாள். கோடு ஓர் எட்டு வலது பக்கம் நகர்ந்தது.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"அந்தக் கோட்டையே பாரு. கண்ண எடுக்காத."

மைதானத்தின் ஓரமாகக் கோல்வரை நடந்தாள். திரும்பினாள். பாதி தூரம் வந்து நின்று, இரண்டு எட்டு பின்னால் போய், மறுபடி வந்தாள். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அவள் திரும்பி வரும்போது முபீனின் முகம் செத்துப்போயிருந்தது.

"கூடவே வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"நான் எங்க நிக்கிறேனோ அங்க."

"ஆமா."

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

முபீன் படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் டேப்லெட்டின் உறையைத் திறந்து திறந்து மூடினான்.

"நாங்க அதுக்கு ஆஃப்சைட் ரூல் எதுவும் சொல்லித்தரலக்கா. இப்பல்லாம் அப்படிச் செய்ய மாட்டாங்க. நீங்க கொடி தூக்கின மேட்ச் எல்லாத்தையும் காட்டினோம். எப்பத் தூக்கறாங்க, எப்பத் தூக்கலன்னு அதுவே பாத்துக் கத்துக்கணும். கேமரா ரெண்டும் கூரையில சாஞ்சு நிக்குது. அங்கேருந்து பாத்தா எந்தப் பொண்ணு கடைசின்னு கண்டுபிடிக்கறது கஷ்டம். அது சுலபமா ஒரு வழி இருக்கான்னு தேடியிருக்கு."

"இன்னா வழி?"

"மஞ்சச் சட்டை. அது எங்க நிக்குதோ அதுக்கு நேராத்தான் கடைசி ஆள் இருக்கும். நீங்க அவ்ளோ கரெக்டா ஓடியிருக்கீங்க. ஒரு மேட்ச்லகூட தப்பல. அதனால அது ஆட்டத்தப் பாக்கறதையே விட்டுடுச்சு. உங்களப் பாத்துச்சு. பரீட்சையில பக்கத்துப் பையன் பேப்பரப் பாத்து எழுதற மாதிரி."

பெர்னதெத் சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் நின்றது.

"நான் அதப் பாத்துல்ல எழுதிக்கினு இருந்தேன்."

முபீன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான். அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. தடுப்பாட்டக்காரிகள் கோலை நோக்கிப் பின்வாங்கும்போது அவள் பின்தங்குவாள். அவள் நின்ற இடத்தில் கோடு விழும். அந்தக் கோட்டுக்கும் நிஜக் கோட்டுக்கும் நடுவில் யாரெல்லாம் நியாயமாக நின்றார்களோ அவர்களுக்கெல்லாம் கொடி. மெதுவாக ஓடுகிறவளுக்கு ஆபத்தில்லை, அவள் பெர்னதெத்தைத் தாண்டவே மாட்டாள். பாய்ந்து ஓடுகிறவள்தான் மாட்டுவாள். எவ்வளவு வேகமோ அவ்வளவு குற்றம். உச்சியில் இருந்த பெயர் யாருடையது என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவே தேவையில்லை. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. சாட்டையடி மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சாட்டையடி வெளியிலிருந்து விழுவது. இது வேறு.

"எந்தெந்தக் கொடி தப்புன்னு இப்ப பாத்துச் சொல்ல முடியுமா?"

"முடியாதுக்கா. படத்துல சாய்வாத்தான் இருக்கு எல்லாமே. நேரா நின்னு பாத்த கண்ணு ஒண்ணு வேணும். அதுக்குத்தான் உங்கள..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"சரி. இப்ப இன்னா பண்ணுவீங்க?"

"புதுசா கத்துக்கொடுக்கணும். மாசக்கணக்காகும். அக்கா, நான் ஒண்ணு சொல்லவா? கோச்சுக்காதீங்க. வேற மாநிலத்துல எல்லாம் இத வாங்கப் போறாங்க. இப்ப வெளிய தெரிஞ்சா கம்பெனியே இருக்காது, முப்பது பேரு வீட்டுக்குப் போயிடுவோம். நீங்களும் நேஷனல் பேனல்ல வரப்போறீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க பழையபடி நேரா ஓடினா அதுவும் கரெக்டாத்தான் சொல்லும். நீங்க சரியா நின்னா எல்லாம் சரியாயிடும்."

நீங்கள் சரியாக நின்றால் எல்லாம் சரியாகிவிடும். இதில் மறுக்க என்ன இருக்கிறது? பெர்னதெத் தலையாட்டினாள். விளம்பரப் படத்தில் அவள் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் சிரிங்க மேடம் என்றார் கேமராக்காரர்.

அன்றிலிருந்து சனிக்கிழமை வரை அவள் தனக்குள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை எழுதினால் வெட்கக்கேடு. யார் கேட்டார்கள், யார் பார்த்தார்கள், போனது போகட்டும், இனிமேல் நடப்பதைச் சரியாகச் செய்தால் கடவுளுக்கே போதும். அந்தப் பெண்ணுக்கு எப்படியும் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நான் உயிரைக் கொடுத்து ஓடுகிறேன். அவள் பாய்வாள், கோடு அவளைத் தடுக்காது, கோல் அடிப்பாள், முகாமுக்குப் போவாள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை. குற்றம் செய்தவர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளும் தண்டனை எப்போதும் இப்படித்தான் இருக்கும், தாங்கக்கூடிய அளவில். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். விசிலடித்த நொடியிலிருந்து கடைசித் தடுப்பாட்டக்காரிக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி. அவள் நகர்ந்தால் பெர்னதெத் நகர்ந்தாள், அவள் நின்றால் நின்றாள். பக்கவாட்டில் தாவித் தாவி, முகத்தைத் திருப்பாமல். வலி முழங்காலிலிருந்து இடுப்புவரை ஏறியது. ஏறட்டும் என்று இருந்தாள். பட்டை அதிர்ந்தபோதெல்லாம் அவள் கண்ணும் அதையே சொன்னது. மாதக்கணக்கில் இல்லாத அந்தத் தெளிவு அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தில்லை அவள் ஓடிய பக்கம்தான் ஆடினாள். பெர்னதெத் காத்திருந்தாள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நடுக்களத்திலிருந்து ஓர் அருமையான பந்து வந்தது. தடுப்பாட்டக்காரிகளின் முதுகுக்குப் பின்னால், வெட்டவெளியில், வா என்று கூப்பிடும் பந்து. ஓடு என்று பெர்னதெத்தின் வாயே முணுமுணுத்தது. தில்லை நின்றாள். ஒரு கணம்தான். பிறகு ஓடினாள். அதற்குள் தடுப்பாட்டக்காரி திரும்பி, பந்தை வெளியே தட்டிவிட்டாள்.

அடுத்த பந்துக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். உதைப்பதற்கு முன்பே புறப்பட்டு, தடுப்பாட்டக்காரியின் தோளை உரசிக்கொண்டு, சரியாக அந்தக் கணத்தில் பீறிட்டுப் போகிற பெண் அவள். இப்போது ஒவ்வொரு தடவையும் உதைத்த சத்தம் கேட்ட பிறகுதான் காலை எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் ஓரக்கண்ணால் கொடியைப் பார்த்தாள். பெர்னதெத் கொடியைத் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தெரியும்படி, தூக்கவில்லை பார், தூக்கவில்லை என்று மனதுக்குள் கதறினாள். கோடு சரியாக இருந்தது. பெண் அதை நம்பவில்லை. நம்ப முடியாதபடி காலுக்கே ஒரு பயம் பழகிவிட்டது. ஆட்டம் முடியும்வரை தில்லை கோல் அடிக்கவில்லை. ஆஃப்சைடிலும் மாட்டவில்லை.

விசில் ஊதியதும் பெர்னதெத் நொண்டிக்கொண்டு கேலரிக்குப் போனாள். அங்கே தேர்வாளர் வத்சலா மேடம் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இந்திய அணிக்குக் கோல் காத்தவர். கையில் வேர்க்கடலைப் பொட்டலம்.

"வா பெர்னா. என்ன ஓட்டம் இன்னைக்கு! உன்னப் பாக்கறதா ஆட்டத்தப் பாக்கறதான்னு ஆயிடுச்சு."

"மேடம், ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். பட்டை, படி, டீ, நகர்ந்த கோடு, தன் முழங்கால், தன் சோம்பேறித்தனம். எதையும் விடவில்லை. முபீன் சொன்னதையும், தான் தலையாட்டியதையும் சொன்னாள். வத்சலா கடலை தின்பதை நிறுத்திவிட்டார்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"புதன்கிழமையிலேருந்து."

"புதன்கிழமை சொல்லியிருந்தா இந்த ஆட்டத்தையே தள்ளி வச்சிருப்பேன். நீ சரியா ஓடினாப் போதும்னு நெனச்சியா?"

"நெனச்சேன் மேடம்."

"கமிட்டில வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

"பேனல் போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும். அந்தப் பொண்ணு, தில்லைநாயகி... அவளோட நம்பர் அவ தப்பில்ல மேடம். அத மட்டும் கணக்குல எடுக்காதீங்க."

வத்சலா அவளை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலாம்.

"நம்பர நான் எப்பவுமே பாக்கறதில்ல பெர்னா. கண்ணால பாத்துதான் எடுப்பேன். இன்னைக்கும் பாத்தேன். அந்தப் பொண்ணு ஓட மாட்டேங்குது. கேப் இருக்கு, பந்து வருது, யோசிச்சுட்டு நிக்குது. போன வருஷம் நான் பாத்த புள்ள இது இல்ல. நீ சொன்னப்புறம் காரணம் தெரியுது. ஆனா காரணத்த முகாமுக்கு அனுப்ப முடியாதே. இடம் ஒண்ணுதான் இருக்கு, இன்னைக்கு ஓடினவதான் போவா."

பெர்னதெத் இறங்கி வந்தாள். படிகளில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லைக்கோட்டருகே தில்லை பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து, கழற்றிய பூட்ஸ் கையிலிருக்க, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! பாத்தீங்களா, இன்னைக்கு ஒருவாட்டிகூட நீங்க எனக்குக் கொடி தூக்கல!"

பெர்னதெத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அன்னைக்கு உங்ககிட்ட மரியாதையில்லாம பேசிட்டேங்க்கா. மனசுல வச்சுக்காதீங்க. உங்க கொடிதான் எனக்குப் புத்தி சொல்லுச்சு. ரொம்ப அவசரப்படறேன்னு வீட்ல போயி நானே யோசிச்சேன். தெனம் காலைல கடக்கரைல பழகினேன். பந்து பொறப்பட்டதும் மனசுக்குள்ள 'இரு'ன்னு சொல்லிட்டுதான் காலெடுப்பேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு, கால் தானாப் போவும், புடிச்சு வச்சுக்கணும். இப்ப வந்துருச்சு. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்மா."

"மேடம் பாத்திருப்பாங்களா?"

பெர்னதெத் தரையில் உட்கார்ந்தாள். நிற்க முடியாததால் மட்டுமல்ல. நின்றுகொண்டு சொல்கிற விஷயமாக அது தோன்றவில்லை. தில்லையும் எதிரே குந்தினாள். பெர்னதெத் இரண்டாவது தடவையாக, அதே கதையை, இந்தத் தடவை சின்ன வார்த்தைகளில் சொன்னாள். மேலே சொன்னபோது வெட்கம் தொண்டையில் இருந்தது. இப்போது உடம்பு முழுக்க இருந்தது, உள்ளங்கால்வரை. இந்தப் பெண் எந்தக் குற்றத்துக்காகத் தன்னைத் திருத்திக்கொண்டாளோ அது இவளுடையதே இல்லை. திருத்த வைத்தது பெர்னதெத்தின் கொடி. நன்றி வேறு சொல்லிவிட்டாள்.

தில்லை குறுக்கே பேசாமல் கேட்டாள். சிரிப்பு முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, எப்போது கீழே இறக்குவதென்று அதற்குத் தெரியாத மாதிரி.

"அப்ப நான் ஓடினதெல்லாம் சரியாக்கா?"

"எல்லாமும்னு சொல்ல முடியாதும்மா. நெறைய சரிதான்."

"எது எது?"

"தெரியாது."

"ஒண்ணாச்சும்?"

"தெரியாதும்மா. பாக்க வேண்டிய எடத்துல நான் இல்ல. வேற யாரும் இல்ல."

தில்லை புல்லைப் பிடுங்கினாள். கேலரிப் பக்கம் பார்த்தாள். அங்கே வத்சலா மேடம் வேறொரு பெண்ணின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அழுவாள் என்று பெர்னதெத் எதிர்பார்த்தாள், திட்டுவாள் என்று ஏங்கினாள். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"ஏன்கா நேரா நிக்கல?"

முழங்கால், வெயில், மிஷின் என்று எல்லாமே வாய்வரை வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு மிச்சமிருந்த உண்மையைச் சொன்னாள்.

"உங்கூட ஓட முடியலம்மா. நீ அவ்ளோ வேகம். என்னால உன்னப் புடிக்க முடியல."

தில்லை கையிலிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். பிறகு மற்ற பூட்ஸையும் கழற்றி, இரண்டின் கயிறுகளையும் சேர்த்து முடிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"இத அன்னைக்கு நான் வந்து கேட்டப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, அந்த மேட்ச் தோத்ததுக்குக்கூட நான் கவலப்பட்டிருக்க மாட்டேன்கா," என்றாள். "ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்."